தையற்காரர் மகன் மகாகவி ஆனார்

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி. இரவு 11 மணி.

டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருந்தது. வெளியே ஜனங்கள் திரள் திரளாக நின்றார்கள். நாடு சுதந்திரம் அடைய இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது.

கூட்டம் தொடங்கியபோது சுசேதா கிருபளானி அம்மையார் வந்தே மாதரம் பாடினார். பிறகு நேரு பேசினார். நடுநிசி அடித்தது. அங்கத்தினர்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலையும் நேரத்தில் அதே அம்மையார் மீண்டும் பாட வந்தார். தாகூரின் ஜன கண மன ஒன்று. அதற்கு முன்னால் வேறொரு பாட்டின் சில அடிகளையும் பாடினார். அது 'சாரே ஜஹான் ஸே அச்சா' என்னும் உருதுப் பாட்டு.

அந்தப் பாட்டை எழுதிய கவிஞர் அன்று உயிரோடு இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே லாகூரில் காலமாகிவிட்டார். அவர் உடல் அடங்கிய லாகூரோ அன்றிரவு இந்தியாவில் இல்லை. அது பாகிஸ்தான் என்ற புதிய நாட்டில் சேர்ந்துவிட்டது. அந்தப் புதிய நாடு உண்டாவதற்கு வித்து ஊன்றியவர் என்று அங்கே கொண்டாடப்படுகிறவர் யார் தெரியுமா? அதே கவிஞர்தான்!

அவர்தான் டாக்டர் சர் முகமது இக்பால்.

படிக்காத தத்துவஞானி

பஞ்சாபில் சியால்கோட் என்று ஒரு பட்டணம் இருக்கிறது. ஜம்முவுக்குப் பக்கத்தில் உள்ளது. ஹாக்கி மட்டை, கால்பந்து செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கே 1877-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி இக்பால் பிறந்தார்.

அவருடைய மூதாதையர்கள் காஷ்மீரப் பிராமணர்கள். சப்ரூ குலத்தைச் சேர்ந்தவர்கள். பல தலைமுறைகளுக்கு முன்பே இஸ்லாத்தைத் தழுவினார்கள். பிற்பாடு பிழைப்புக்காக மலையை விட்டு இறங்கி சியால்கோட்டில் குடியேறினார்கள்.

தகப்பனார் ஷேக் நூர் முகமது ஒரு தையற்காரர். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் ஞானிகளோடு பழகியவர். பெரிய நூல்களைப் பிறர் வாசிக்கச் சொல்லிக் கேட்டு அர்த்தம் சொல்லக்கூடியவர். ஊரில் அவருக்குப் படிக்காத தத்துவஞானி என்றே பெயர். தாயார் இமாம் பீபியும் படிக்காதவர்தான். அக்கம்பக்கத்துப் பெண்களின் சண்டை சச்சரவுகள் அவரிடம்தான் தீர்ப்புக்கு வரும்.

பையன் தினமும் காலையில் குர்ஆன் ஓதுவான். ஒரு நாள் தகப்பனார் அவன் அருகே வந்து நின்றார். ஓதும்போது அந்த வாசகங்கள் உனக்கென்றே இறங்கி வந்தவை என்று நினைத்துக்கொண்டு ஓது, அப்போதுதான் விளங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். இக்பால் கிழவரான பிறகும் அந்தப் புத்திமதியை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு சம்பவத்தை இக்பாலே பாட்டாக எழுதி வைத்திருக்கிறார். வாலிப வயசு. வாசலில் ஒரு பிச்சைக்காரன் வந்து நின்று நகர மாட்டேன் என்று கத்தினான். இக்பாலுக்குக் கோபம் வந்துவிட்டது. தடியால் அவன் தலையில் ஒரு போடு போட்டார். பிச்சை எடுத்த பண்டமெல்லாம் கீழே சிதறிவிட்டது. தகப்பனார் அதைப் பார்த்தார். அடிக்கவில்லை, வையவும் இல்லை. முகம் வெளுத்து, கண்ணீர் விட்டு அழுதார். நாளைக்கு இறுதித் தீர்ப்பு நாளில் நபிகள் நாயகம் என்னைப் பார்த்து, உன்னிடம் ஒரு பிள்ளையை ஒப்படைத்தோமே, அவனை மனிதனாக்க உன்னால் முடியவில்லையா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்றார். அந்தக் கண்ணீர் பிள்ளையின் மனத்தில் தடியடியைவிட ஆழமாக விழுந்தது.

குருவுக்குப் பட்டம்

சியால்கோட்டில் ஸ்காட்ச் மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. கிறிஸ்தவப் பாதிரிமார்கள் நடத்தியது. அங்கே சையத் மீர் ஹசன் என்ற மௌல்வி அரபும் பாரசீகமும் கற்றுக் கொடுத்தார். இக்பாலுக்குள் கவி இருப்பதை முதலில் கண்டுகொண்டவர் அவர்தான்.

இந்தக் குருவின் கதையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் கழித்து, 1922-ல், பிரிட்டிஷ் சர்க்கார் இக்பாலுக்கு 'சர்' பட்டம் கொடுக்க விரும்பியது. பஞ்சாப் கவர்னர் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இக்பால் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் தம் ஆசிரியருக்குப் பட்டம் கொடுக்க வேண்டும் என்றார். கவர்னர் திகைத்துப் போனார். அந்த மௌல்வி என்ன புத்தகம் எழுதியிருக்கிறார் என்று கேட்டார். அவர் எழுதிய புத்தகம் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறது என்று பதில் வந்தது.

மீர் ஹசனுக்கு ஷம்ஸுல் உலமா பட்டம் கிடைத்தது. அறிஞர்களுக்குள் சூரியன் என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகே 1923-ம் ஆண்டுப் புத்தாண்டுப் பட்டியலில் இக்பால் 'சர்' இக்பால் ஆனார். வெள்ளையனிடம் பட்டம் வாங்கலாமா என்று நண்பர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். அதுவும் ஒத்துழையாமை இயக்கம் நடந்து முடிந்திருந்த சமயம்! அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. பட்டம் வாங்கினாலும் தம் வாய்க்குப் பூட்டுப் போட யாராலும் முடியாது என்று இக்பால் சமாதானம் சொன்னார்.

லாகூரில் வாத்தியார்

மெட்ரிகுலேஷன் தேறிய 1893-ம் ஆண்டிலேயே அவருக்கு விவாகம் நடந்துவிட்டது. அப்போது 16 வயதுகூட நிரம்பவில்லை. பெண், குஜராத் என்ற பஞ்சாப் பட்டணத்து டாக்டர் ஒருவரின் மகள் கரீம் பீபி. பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். தம்பதிகளுக்குள் ஒத்துவரவில்லை.

பிறகு லாகூர் சர்க்கார் காலேஜில் சேர்ந்தார். 1897-ல் பி.ஏ., 1899-ல் தத்துவத்தில் எம்.ஏ. அங்கே தாமஸ் ஆர்னால்டு என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் அவருக்குக் குருவாக வாய்த்தார். படிப்பு முடிந்ததும் இக்பாலே லாகூரில் ஆசிரியராக அமர்ந்தார்.

கவிதையில் அவருக்குத் தபால் மூலம் ஒரு குரு உண்டு. ஹைதராபாத் நிஜாமின் ஆஸ்தான கவி தாக் அவர்களுக்குத் தம் பாட்டுகளை அனுப்பித் திருத்தி வாங்கினார். கொஞ்ச நாளில், இனித் திருத்த ஒன்றுமில்லை என்று தாகிடமிருந்து பதில் வந்துவிட்டது.

1900-ம் ஆண்டு. அஞ்சுமன் ஹிமாயத்-இ-இஸ்லாம் என்ற சங்கம் அநாதைப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடங்களையும் பராமரித்து வந்தது. அதன் ஆண்டு விழாவில் இக்பால் ஓர் அநாதையின் புலம்பலைப் பாட்டாகப் பாடினார். கூட்டம் அழுதது. பணம் குவிந்தது. அன்று முதல் லாகூரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

1904-ல் நடந்தது இன்னொரு சுவையான சம்பவம். காலேஜ் மாணவர் லாலா ஹர்தயாள் வாலிபர் சங்கம் ஒன்று ஆரம்பித்தார். இவரே பிற்காலத்தில் அமெரிக்காவில் கதர் கட்சியை உண்டாக்கிய புரட்சிக்காரர். ஆரம்ப விழாவுக்குத் தலைமை வகிக்க இக்பாலை அழைத்தார். தலைவர் பிரசங்கம் செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ பிரசங்கத்துக்குப் பதிலாக ஒரு பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்தார். அதுதான் 'சாரே ஜஹான்'. இமயமலையும் கங்கையும் அதில் வருகின்றன. மதம் பகைமையைக் கற்பிப்பதில்லை என்ற கருத்தும் வருகிறது. சில மாதங்களில் அது வட இந்தியா முழுவதும் பரவிவிட்டது. எரவாடா சிறையில் நூறு தடவையாவது அதைப் பாடியிருப்பேன் என்று காந்திஜி பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதினார்.

இக்பால் ராமபிரானைப் பற்றியும் குருநானக்கைப் பற்றியும் பாடினார். பழைய கோயில் சண்டைகளை மறந்து அன்பினால் ஒரு புதுக் கோயில் கட்டுவோம் என்ற கருத்தில் பாடினார். சின்னப் பிள்ளைகளுக்காகச் சிலந்தியும் ஈயும், மலையும் அணிலும் என்று எளிய கதைப் பாட்டுகளும் எழுதினார்.

சீமை மாற்றியது

1905-ல் கப்பல் ஏறினார். அதற்கு முன் டெல்லியில் நிஜாமுதீன் அவுலியா தர்காவுக்குப் போய் வணங்கி விடைபெற்றார். பணம் கொடுத்தவர் அண்ணன் அதா முகமது. ராணுவக் கட்டட இலாகாவில் வேலை பார்த்தவர். தையற்காரர் வீட்டில் வேறு யாரிடம் அவ்வளவு பணம் இருக்கும்?

மூன்றே ஆண்டுகளில் மூன்று பட்டங்கள் வாங்கினார். கேம்பிரிட்ஜில் பி.ஏ., ஜெர்மனியில் மியூனிக் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம், லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர். டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் பாரசீகத் தத்துவத்தின் வளர்ச்சி. ஜெர்மன் பாஷையை ஹைடல்பர்க் நகரத்தில் நெக்கார் நதிக்கரையில் கற்றார். அந்த நதியின் மாலை நேர அமைதியைப் பற்றிச் சின்னஞ்சிறு பாட்டு ஒன்றும் எழுதினார்.

ஐரோப்பா அவரை இரண்டு விதமாகப் பாதித்தது. அந்த ஜனங்களின் உழைப்பும் சுறுசுறுப்பும் அவருக்கு மிகவும் பிடித்தன. ஆனால் ஒவ்வொரு தேசமும் தன் மண்ணே பெரிது என்று மற்றதை விழுங்கப் பார்ப்பதைக் கண்டு பயந்தார். இந்த நாகரிகம் தன் கத்தியாலேயே தன்னை மாய்த்துக்கொள்ளும் என்று 1907-ல் பாடினார். ஏழே ஆண்டுகளில் முதல் உலக யுத்தம் மூண்டது.

மண்ணை வைத்து மனிதர்களைப் பிரிப்பது தவறு என்ற முடிவோடு 1908-ல் ஊர் திரும்பினார். 1910-ல் இன்னொரு பாட்டு எழுதினார். மெட்டு பழைய இந்துஸ்தான் கீதத்தின் மெட்டுதான். விஷயம் வேறு. உலகத்து முஸ்லிம்கள் யாவரும் ஒரே சமூகம், அவர்களுக்கு உலகமே தாய்நாடு என்று அதில் பாடினார்.

ஆறு ஆண்டுகளில் இப்படி மாறலாமா என்று அன்று முதல் இன்று வரை பலர் கேட்கிறார்கள். அவர் மாறியது உண்மை. ஆனால் இந்தியாவை வெறுத்தார் என்று சொல்வது பொய். பழைய பாட்டை அவர் ஒருபோதும் கிழித்துப் போடவில்லை. 1924-ல் தம் முதல் உருதுத் தொகுதியை வெளியிட்டபோது இரண்டு பாட்டுகளையுமே அதில் சேர்த்தார்.

கடவுள்மேல் புகார்

1911-ல் லாகூர் மேடையில் 'ஷிக்வா' பாடினார். அந்தச் சொல்லுக்குப் புகார் என்று அர்த்தம். உன் பெயரை உலகமெல்லாம் பரப்பியது நாங்கள், எங்களையோ ஏழைகளாக விட்டுவிட்டாயே என்று ஒரு முஸ்லிம் கடவுளையே கேட்கிற பாட்டு. கேட்டவர்கள் மெய்மறந்தார்கள். மௌல்விகள் சிலர் கொதித்தார்கள். ஆண்டவனைக் கேள்வி கேட்பதா?

சில காலம் கழித்து அதற்குக் கடவுள் சொல்லும் பதிலையும் பாட்டாக எழுதினார். உங்கள் முன்னோர்கள் உழைத்தார்கள், நீங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது பதிலின் சாரம். அதை அச்சிட்டு விற்ற பணம் பால்கன் யுத்தத்தில் அடிபட்ட துருக்கியருக்குப் போயிற்று. புகாரைக் கண்டித்தவர்கள் பதிலைக் கேட்டு அடங்கினார்கள்.

1915-ல் 'அஸ்ரார்-இ-குதி' வந்தது. இது பாரசீகக் கவிதை. 'குதி' என்றால் தான், தன்மை. அகம்பாவம் அல்ல, ஒருவன் தன் சக்தியைத் தானே அறிந்து உறுதிப்படுத்திக்கொள்வது. துளி கடலில் கலந்து மறைந்துவிட வேண்டும் என்று பழைய சூஃபிகள் பலர் பாடினார்கள். இக்பாலோ, துளி ஏன் மறைய வேண்டும், சிப்பிக்குள் புகுந்து முத்தாகட்டுமே என்கிறார். கூடு கட்டாமல் உயரப் பறக்கும் ராஜாளிப் பறவை அவருக்குப் பிரியமான உவமை. அடிமைப்பட்ட ஜனங்களுக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. ஆனால் புகழ்பெற்ற ஹாபிஸ் கவிஞரை ஆடுகளைத் தூங்க வைப்பவர் போலக் கண்டித்துவிட்டார். பெரிய சண்டை வந்தது. அடுத்த பதிப்பில் அந்த அடிகளை எடுத்துவிட்டார். 1920-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கல்சன் இந்த நூலை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். இக்பால் உலகக் கவியானார்.

அவர் எழுதிய சுமார் 12,000 செய்யுட்களில் பாதிக்கு மேல், அதாவது சுமார் 7,000, பாரசீகத்தில் உள்ளவை. வெளிநாட்டு வாசகர்கள் கிடைத்தார்கள். லாகூர்த் தெருவில் போகிறவனுக்கு அவை எட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், பாரசீகத்தில் இவ்வளவு பாடியவர் ஈரானுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

வீட்டு இக்பால்

பிழைப்பு பாரிஸ்டர் தொழில். மாதச் செலவுக்கு வேண்டிய வழக்குகள் வந்துவிட்டால் அதற்கு மேல் எடுக்க மாட்டார் என்று சொல்வார்கள். வீட்டில் பனியனும் வேஷ்டியுமாகக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருப்பார். பக்கத்தில் ஹுக்கா புகையும். ராஜாவும் வரலாம், வண்டிக்காரனும் வரலாம். எல்லோரையும் வேலைக்காரர் அலி பக்ஷ் ஒரே மாதிரி உள்ளே விடுவார்.

மாம்பழம் என்றால் உயிர். அலகாபாத்திலிருந்து கவிஞர் அக்பர் கூடை கூடையாக லங்டா மாம்பழம் அனுப்புவார். கடைசிக் காலத்தில் வைத்தியர் ஒரு நாளைக்கு ஒரே பழம்தான் என்று கட்டுப்படுத்தினார். கடைத்தெருவிலேயே பெரிய பழமாகப் பார்த்து வாங்கிவர அலி பக்ஷுக்கு உத்தரவு போயிற்றாம்!

சிரிப்புக்கு அடியில் துயரமும் இருந்தது. கரீம் பீபியை விட்டுப் பிரிந்து வாழ்ந்தார். அவருக்கு ஜீவனாம்சம் கொடுத்து வந்தார். ஆனால் அவர் வயிற்றில் பிறந்த மூத்த மகன் அஃப்தாபுடன் ஏற்பட்ட மனக்கசப்பு தீரவேயில்லை. மனிதகுலத்துக்குத் தைரியம் சொன்னவரால் தம் வீட்டுப் பிணக்கைத் தீர்க்க முடியவில்லை. 1914-ல் தாயார் இறந்தார். அப்போது எழுதிய இரங்கற்பா உருது அறிந்த வீடுகளில் இன்றும் கண்ணீரோடு வாசிக்கப்படுகிறது. மறுவிவாகம் செய்துகொண்ட மனைவியரில் முக்தார் பேகம் 1924-ல் பிரசவத்தில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சர்தார் பேகத்துக்கு ஜாவித் என்ற மகன் பிறந்தான். பிறகு முனீரா என்ற மகள்.

சென்னைக்கு வந்தார்

சென்னையில் அந்நாளில் சேட் ஜமால் முகமது என்ற வள்ளல் இருந்தார். தோல் வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். பள்ளிக்கூடங்களுக்கும் மாணவர்களுக்கும் வாரி வழங்கியவர். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் சார்பில் பெரிய அறிஞர்களை வரவழைத்துச் சொற்பொழிவுகள் நடத்திவந்தார். 1925-ல் சையத் சுலைமான் நத்வி வந்தார். 1927-ல் குர்ஆனைப் பிற்பாடு இங்கிலீஷில் மொழிபெயர்த்த பிக்தால் வந்தார். 1929 ஜனவரியில் இக்பால் வந்தார்.

சென்னையில் மூன்று சொற்பொழிவுகள் செய்தார். எல்லாம் இங்கிலீஷில். விஞ்ஞானம் வளர்ந்த காலத்தில் மதத்தை எப்படி அறிவோடு புரிந்துகொள்வது என்பதே விஷயம். கண்ணை மூடிக்கொண்டு பழைய சட்டங்களைத் திருப்பிச் சொன்னால் போதாது, ஒவ்வொரு தலைமுறையும் தானே சிந்திக்க உரிமை உண்டு என்பது அவர் வாதம். மேலும் மூன்று சொற்பொழிவுகளைச் சேர்த்து 1930-ல் லாகூரில் புத்தகமாக வெளியிட்டார். 1934-ல் ஏழாவது ஒன்றும் சேர்ந்து ஆக்ஸ்போர்டில் அச்சாயிற்று. இஸ்லாமிய மதச் சிந்தனையின் புனரமைப்பு என்பது நூலின் பெயர். உலகமெங்கும் படிக்கப்படும் அந்த நூல் சென்னைப் பட்டணத்து மேடையில் பிறந்தது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. ஜமால் முகமது 1949-ல் காலமானார். அவர் பெயரால் 1951-ல் தொடங்கிய கல்லூரி திருச்சியில் இருக்கிறது.

சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் போனார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் சமாதியைத் தரிசித்தார். காவேரியைப் பார்த்தார். இரண்டும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1932-ல் வெளிவந்த அவருடைய 'ஜாவித் நாமா'வில் கவிஞர் வானுலகங்களுக்கு யாத்திரை போகிறார். மகாகவி ரூமி வழிகாட்டியாகக் கூட வருகிறார். சந்திர மண்டலத்தில் விசுவாமித்திர முனிவரைச் சந்திக்கிறார். சொர்க்கத்தில் பர்த்ருஹரி இருக்கிறார். நாட்டைக் காட்டிக்கொடுத்த வங்காளத்து மீர் ஜாபரையும் மைசூர் மீர் சாதிக்கையும் நரகம்கூட ஏற்க மறுக்கிறது. இரத்தக் கடலில் ஓர் ஓடத்தில் தத்தளிக்கிறார்கள். அப்பால் திப்பு சுல்தான் நிற்கிறார். அவர் கவிஞரிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்புகிறார். யாருக்கு? காவேரி நதிக்கு! லாகூர்க் கவி பாரசீகத்தில் எழுதிய காவியத்தில் நம் காவேரி ஓடுகிறது.

அலகாபாத் பிரசங்கம்

அரசியலில் இக்பால் மேடைச் சிங்கம் அல்ல. 1926-ல் பஞ்சாப் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலவரியைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் பேசினார். அவ்வளவுதான். 1920-ல் காந்திஜி ஜாமியா மில்லியாவின் பொறுப்பை ஏற்கும்படி அழைத்தபோது மறுத்தவர் அவர். பெரிய பொறுப்புகளை நிர்வாகம் செய்ய அவருக்கு விருப்பமும் இல்லை; சாமர்த்தியமும் குறைவு.

ஆனால் ஒரு பிரசங்கம் அவரைச் சரித்திரத்தில் நிறுத்திவிட்டது. 1930 டிசம்பர் 29-ந் தேதி அலகாபாத்தில் முஸ்லிம் லீக் மகாநாடு கூடியது. இக்பால் தலைவர். ஜின்னா உள்பட பெரிய தலைவர்கள் லண்டனில் வட்டமேஜை மகாநாட்டில் இருந்தார்கள். கூட்டம் சொற்பம். அங்கே இக்பால், பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புறம், சிந்து, பலுசிஸ்தானம் ஆகிய நான்கையும் ஒன்றாக இணைத்து ஒரே ராஜ்யமாக்க வேண்டும் என்றார். அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி என்றார்.

இது பிரிவினைக் கோரிக்கையா? பாகிஸ்தான் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. 1933-ல் சௌத்ரி ரஹ்மத் அலி அந்தப் பெயரை வெளியிட்டார். 1934-ல் இக்பால் எட்வர்டு தாம்சன் என்ற இங்கிலீஷ் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், பாகிஸ்தான் என் திட்டம் அல்ல, நான் கேட்டது இந்தியக் கூட்டாட்சிக்குள் ஒரு முஸ்லிம் மாகாணம் என்று சொன்னார். ஆனால் 1937-ல் ஜின்னாவுக்கு எழுதிய கடிதத்தில், வடமேற்கிலும் வங்காளத்திலும் உள்ள முஸ்லிம்களைத் தனித் தேசத்தினராக ஏன் கருதக்கூடாது என்று கேட்டிருக்கிறார். ஆகவே இரு தரப்பாரும் அவர் கடிதத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அவர் 1947 வரை உயிரோடு இருந்திருந்தால், தம் பஞ்சாப் இரண்டாகக் கிழிந்து இரத்தம் பெருகியதைக் கண்டு என்ன சொல்லியிருப்பார் என்பதை யாரும் சொல்ல முடியாது.

1931-லும் 1932-லும் வட்டமேஜை மகாநாடுகளுக்குப் போனார். திரும்பும் வழியில், 1933 ஜனவரியில், ஸ்பெயினுக்குப் போனார். கொர்டோவாவில் பல நூற்றாண்டுகளாக மாதாகோயிலாக இருந்துவரும் பழைய மசூதிக்குள் நின்று தொழுதார். அந்தத் தொழுகையில் பிறந்த பாட்டே அவர் எழுதிய உருதுப் பாட்டுகளுக்குள் தலைசிறந்தது என்பது பலர் முடிவு.

குரல் போயிற்று

1934 ஜனவரி. ரம்ஜான் பண்டிகை. சேமியாவில் தயிர் கலந்து சாப்பிட்டார். தொண்டை கட்டிக்கொண்டது. கட்டிய தொண்டை திறக்கவேயில்லை. ஆயிரம் பேரை அழவைத்த குரல் காற்றுப்போல ஆகிவிட்டது. பேச முடியாத வக்கீலுக்குக் கோர்ட்டில் என்ன வேலை? தொழில் நின்றது.

மறு ஆண்டு போபால் நவாப் மாதம் 500 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதே 1935-ல் லாகூரில் புது வீடு கட்டி முடிந்தது. மகன் பெயரால் ஜாவித் மன்ஸில். குடிபுகுந்த சில நாட்களிலேயே சர்தார் பேகம் இறந்துபோனார். பதினொரு வயது நிரம்பாத மகனும், ஐந்து வயது நிரம்பாத மகளும் தாயில்லாப் பிள்ளைகள் ஆனார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ள 1937-ல் ஒரு ஜெர்மன் அம்மையார் வந்து சேர்ந்தார்.

வீடு ஜாவித்துக்குச் சொந்தம். ஆகவே தாம் இருக்கும் அறைகளுக்கு இக்பால் மாதாமாதம் மகனுக்கு வாடகை கொடுத்துவந்தார்!

1938 ஜனவரியில் நோயாளிக் கட்டிலிலிருந்து நேருவுக்குச் சொல்லியனுப்பினார். நேரு வந்தார். இருவருடைய முன்னோர்களும் காஷ்மீரப் பண்டிதர்கள். கொள்கையில் எதிரெதிர், ஆயினும் நெடுநேரம் பேசினார்கள். உங்களுக்கும் ஜின்னாவுக்கும் என்ன பொருத்தம், அவர் அரசியல்வாதி, நீங்கள் தேசபக்தர் என்று இக்பால் சொன்னதாக நேரு தம் நூலில் எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 20-ந் தேதி, மியூனிக் நாட்களில் பழகிய ஜெர்மன் நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். பழைய கதைகளைப் பேசினார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் மார்பில் வலி கண்டது. பக்கத்தில் அலி பக்ஷ் இருந்தார். அவர் தாங்கிப் பிடித்திருக்கையிலேயே உயிர் பிரிந்தது. 1938 ஏப்ரல் 21-ந் தேதி. வயது 60.

இரு நாட்டிலும்

லாகூர்க் கோட்டைக்கும் பாதுஷா மசூதிக்கும் நடுவிலுள்ள ஹஜூரி பாக் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். இலக்கியத்தில் ஈடுசெய்ய முடியாத வெற்றிடம் ஏற்பட்டதாக தாகூர் இரங்கல் தெரிவித்தார். சிவப்பு மணற்கல்லும் பளிங்குமான சமாதிக் கட்டடம் 1951-ல்தான் முடிந்தது. அதற்குத் திட்டம் வரைந்தவர் ஹைதராபாத் நிபுணர் நவாப் ஜெயின் யார் ஜங். ஆப்கானிஸ்தான் கல் அனுப்பியது.

பாகிஸ்தான் அவரைத் தேசியக் கவியாகக் கொண்டாடுகிறது. லாகூர் விமான நிலையத்துக்கு அவர் பெயர். ஈரானியர்கள் லாகூர் இக்பால் என்று உரிமையோடு அழைக்கிறார்கள். துருக்கியில் ரூமியின் சமாதித் தோட்டத்தில் அவருக்கு ஒரு நினைவுக் கல் உண்டு. ஹைடல்பர்கில் நெக்கார் கரையில் ஒரு சாலைக்கு அவர் பெயர். தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்த ஜாவித், பாகிஸ்தான் உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார். தகப்பனாரின் வரலாற்றையும் எழுதினார். 2015-ல் காலமானார்.

இந்தியாவில் அவர் பெயர் வரும்போதெல்லாம் விவாதமும் வருகிறது. 2023-ல் டெல்லி பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு, அரசியல் பாடத்திலிருந்து அவரைப் பற்றிய பகுதியை எடுத்துவிடத் தீர்மானித்தது. ஜகன்னாத் ஆஸாத் போன்ற இந்துக் கவிஞரே ஆயுள் முழுவதும் இக்பாலை ஆராய்ந்து நூல்கள் எழுதியதும் இதே நாட்டில்தான்.

பாட்டோ யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 1945-ல் ரவிசங்கர் அதற்கு இப்போதைய மெட்டைப் போட்டார். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனார். மேலேயிருந்து பார்க்க இந்தியா எப்படி இருக்கிறது என்று இந்திரா காந்தி கேட்டார். அவர் அந்தப் பாட்டின் முதல் வார்த்தைகளையே பதிலாகச் சொன்னார். குடியரசு விழா முடிந்து ஜனவரி 29-ந் தேதி மாலையில் டெல்லியில் முப்படைகளின் பாண்டு வாத்தியங்கள் பாசறை திரும்பும் சடங்கு நடக்கும். சூரியன் அஸ்தமிக்கும் நேரத்தில் வீரர்கள் மேட்டுச் சாலையில் ஏறித் திரும்பும்போது வாசித்துக்கொண்டு போவது, சியால்கோட்டுத் தையற்காரர் மகனின் அந்தப் பாட்டைத்தான்.